அடைக்கலம் ஏன் ஓடவில்லை

செம்பாறைக் காட்டில் ஓர் ஏரி இருந்தது. அதைச் சுற்றி மதில் எழுப்பினாற்போல் சிவப்புப் பாறைகள். உள்ளே வர ஒரே வழிதான். கிழக்கே இரண்டு பாறைகளுக்கு நடுவில், மேலேயும் பாறை கவிந்த ஓர் இடுக்கு. ஒரு நாய் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்தால் நுழையலாம், அவ்வளவு குறுகல்.

அப்படியானால் உள்ளே இருக்கும் காட்டுப்பன்றியும் மானும் எந்த வழியாக வந்தன என்று என்னைக் கேட்காதீர்கள். துருவி என்கிற கீரி ஏற்கனவே கேட்டுப் பார்த்துவிட்டாள். "எங்க தாத்தா காலத்துலேருந்து இங்கதான் இருக்கோம். உனக்கு என்ன வந்துச்சு இப்ப?" என்று பன்றி எரிந்து விழுந்ததுதான் மிச்சம்.

துருவி என்பது அவளுக்குத் தாய் வைத்த பெயர் இல்லை. எதையும் துருவித் துருவிக் கேட்பாள். பதில் வந்தால் அந்தப் பதிலிலிருந்து இன்னொரு கேள்வி முளைக்கும். கடைசியில் எல்லாரும் அவளை அப்படியே கூப்பிட ஆரம்பித்து, சொந்தப் பெயர் அவளுக்கே மறந்துபோயிற்று.

அவள் இந்தக் காட்டுக்குப் புதிது. போன மழைக்காலத்தில்தான் வந்தாள். குடியிருக்க இடம் கேட்டபோது இடுக்குக்கு உள்பக்கத்தில், வாசலை ஒட்டினாற்போல் ஒரு புற்றைக் காட்டினார்கள். நல்ல புற்று, காற்றோட்டமான புற்று.

"இவ்வளவு நல்ல புற்று ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டாள் துருவி.

"மாவீரர் இருக்கிற காட்டுல வந்து இதெல்லாம் கேக்கலாமா?" என்றார்கள்.

அந்த மாவீரர் ஓர் ஆமை. பெயர் அடைக்கலம். முதுகில் மேடு மேடாக ஓடு, கவிழ்த்த கூடை அளவு உடம்பு. ஏரிக்கரையில் ஓர் உயரமான கல்லின்மேல் உட்கார்ந்திருப்பார். உட்கார்த்தி வைத்திருந்தார்கள் என்று சொல்வதுதான் சரி. தானாக இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. காலையிலும் மாலையிலும் யாராவது வந்து ஒரு பூமாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

விஷயம் இதுதான். கோடையில் மேல்மலைச் சுனை வற்றினால் செந்நாய்க் கூட்டம் தண்ணீரையும் இரையையும் தேடிக் கீழே இறங்கும். போன கோடையில் ஒரு விடியற்காலை அப்படி வந்தது. காடு முழுக்க "ஓடு! ஓடு!" என்று அலறியபடி மறுகரைக்குப் பாய்ந்து, கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு நடுங்கியது. வெயில் ஏறிய பிறகு மெதுவாக வந்து பார்த்தால், நாய்கள் இல்லை. இடுக்கில் அடைக்கலம் மட்டும் இருந்தார். ஓடெல்லாம் பல் பட்ட தழும்பு. ஓடாமல் தனியாக நின்று நாய்ப்படையையே மறித்தவர் என்று அன்றைக்கே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கதையை எத்தனை முறை கேட்டாலும் துருவிக்கு ஒன்று மட்டும் உறுத்தும். எல்லாரும் ஓடினார்கள், சரி. அவர் ஏன் ஓடவில்லை?

இப்போது அவளுக்குக் குட்டிகள் பிறந்திருந்தன. கண் திறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டே பறந்து வந்தது.

"மேல்மலைச் சுனை வத்திப்போச்சு! செந்நாய்ங்க கிளம்பியாச்சு. நாளைக்கு விடியறப்ப இங்க இருப்பாங்க."

காட்டுப்பன்றி உக்கிரன்தான் காட்டுக்குத் தளபதி. அவர் எல்லாரையும் கூட்டி வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"யாரும் கவலைப்பட வேண்டாம். நம்மகிட்ட மாவீரர் இருக்கார். விடியறதுக்கு முன்னாடி அவரைக் கொண்டுபோய் இடுக்குல வச்சிட்டா வேலை முடிஞ்சுது. இன்னிக்குச் சாயங்காலம் அவருக்கு ஒரு விழா எடுப்போம். அவரோட குணநலன்களை எடுத்துச் சொல்லணும். கேட்டாலே நம்ம பிள்ளைங்களுக்கு வீரம் வந்துரும்."

"விழா சரி. இடுக்குல வேற காவல் போடலையா?" என்று கேட்டாள் துருவி.

"எதுக்கு?"

"இல்ல, நாய் ஒவ்வொண்ணாத்தானே நுழைய முடியும்? நீங்க உள்பக்கம் நின்னு ஒரு முட்டு முட்டினா..."

"அம்மா துருவி, தளபதின்னா பின்னாடி நின்னு மொத்தத்தையும் பாக்கணும். முன்னாடி நின்னா என்ன தெரியும்?" என்றார் உக்கிரன். பின்னாடி என்று அவர் சொன்னது மறுகரையை. "நீதான் ஊரெல்லாம் கேள்வி கேட்டுத் திரியறவளாச்சே. மாவீரரோட குணநலன்களை நாலு பேர்கிட்ட விசாரிச்சுக்கிட்டு வந்து சாயங்காலம் நீயே பேசிரு."

துருவி தலையாட்டினாள். விழாவுக்காக இல்லை. நாளைக்கு நாய்கள் உள்ளே நுழைந்தால் முதலில் அகப்படுவது அவளுடைய புற்றுதான். குட்டிகளுக்கு நீந்தத் தெரியாது. மறுகரைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் அங்கே தண்ணீரில் எங்கே வைப்பது? அந்த ஆமை நிற்பாரா மாட்டாரா என்பது அவளுக்கு இன்றைக்கே தெரிந்தாக வேண்டும்.

முதலில் தளபதியையே கேட்டாள்.

"மாவீரரோட முக்கியமான குணம் எதுங்கய்யா?"

"கோபம்," என்றார் உக்கிரன், யோசிக்காமல். "அன்னைக்கு அவர் கண்ணு ரெண்டும் ரத்தமாச் சிவந்து கிடந்துச்சு. மூக்கு விடைச்சுது. காலால தரையைக் கீறினார் பாரு, புழுதி பறந்துச்சு."

"பாத்தீங்களா?"

"பாக்கணுமா என்ன? வீரன்னா அப்படித்தான்."

அடுத்தது தாவன் என்கிற முயல். அவன் காதை விறைத்துக்கொண்டு சொன்னான்:

"வேகம்க்கா. இந்தப் பக்கம் ஒரு பாய்ச்சல், அந்தப் பக்கம் ஒரு பாய்ச்சல். நாய்ங்களுக்குத் தலையே சுத்திப்போச்சு."

"ஆமையா பாய்ஞ்சுது?"

"அன்னைக்கு மட்டும்க்கா."

"நீ எங்கேருந்து பாத்தே?"

தாவனுக்குத் திடீரென்று வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது. ஒரே தாவில் போய்விட்டான்.

மயில் ஒய்யாரன் தோகையைக் கோதிக்கொண்டிருந்தான். "கம்பீரம்," என்றான். "கழுத்தை நிமிர்த்தி, மார்பைத் தள்ளி, ஒரு பார்வை பார்த்தார். அந்த அழகுக்கே நாய்கள் பின்வாங்கிவிட்டன."

"கழுத்து வெளியே இருந்திருந்தா நாய் கடிச்சிருக்குமே அண்ணே?"

ஒய்யாரன் தோகையை மடக்கிக்கொண்டான். ரசனை இல்லாதவர்களோடு பேசுவது அவனுக்குப் பழக்கமில்லை.

இன்னும் சிலரைக் கேட்டாள். மான் சொன்ன ஆமை துள்ளியது. மரத்தில் இருந்த குரங்கு சொன்ன ஆமை பல்லைக் காட்டிப் பயமுறுத்தியது. துருவி நடந்துகொண்டே யோசித்தாள். இத்தனை பேரைக் கேட்டும் ஓர் ஆமையைப் பற்றிக் கேள்விப்பட்ட மாதிரியே இல்லை. ஒவ்வொருவரும் தன்னையே கொஞ்சம் பெரிதாக்கி, முதுகில் ஓர் ஓடு வைத்து அனுப்பிவிட்டிருந்தார்கள். பார்த்தவர் என்று ஒருவர்கூட இல்லை. எல்லாரும் தண்ணீரில் நின்றிருக்கும்போது யார்தான் பார்த்திருக்க முடியும்?

ஒருவர் பார்த்திருப்பார். துருவி ஏரிக்கரைக்குப் போனாள்.

அடைக்கலம் மாலைகளுக்கு நடுவில் இளைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"கும்பிட்டுட்டுப் போம்மா," என்றார் கண்ணைத் திறக்காமல்.

"கும்பிட வரலைண்ணே. ஒண்ணு கேக்க வந்தேன்."

"கேக்கவா?" ஒரு கண் திறந்தது. "மாலை கொண்டு வரலையா? நல்லதாப் போச்சு. எல்லாவனும் சாமந்தியாக் கொண்டாந்து குவிக்கறான். ஒருத்தன் ஒரு கீரைத்தண்டு கொண்டு வரமாட்டேங்கறான்."

துருவி பக்கத்துப் பள்ளத்தில் இறங்கி ஒரு வாய் வல்லாரையைப் பறித்து வந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் தின்று முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு கேட்டாள்:

"அன்னைக்கு எல்லாரும் ஓடினாங்க. நீங்க ஏன் ஓடலை?"

அடைக்கலம் அவளை ஏறிட்டுப் பார்த்தார். தலை பாதி உள்ளே போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தது.

"இத்தனை நாள்ல இதை ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லம்மா. எல்லாரும் எனக்கே சொல்லிட்டுப் போறாங்க, நான் எப்படி நின்னேன்னு."

"அதனாலதான் கேக்கறேன்."

"யார்கிட்டயும் சொல்லாத. நான் இடுக்குக்கு வெளியே சப்பாத்திக்கள்ளிப் பழம் தின்னுட்டு, வந்த வழியே திரும்பிக்கிட்டிருந்தேன். பாதி இடுக்கு தாண்டியாச்சு. உள்ளேருந்து எல்லாரும் 'ஓடு, ஓடு'ன்னு கத்தினாங்க."

"சரி."

"நான் ஓட்டுக்குள்ள போயிட்டேன்."

துருவி அவரையே பார்த்தாள். "என்னண்ணே சொல்றீங்க?"

"எங்க வீட்ல ஓடுன்னா ஓடும்மா. முதுகுல இருக்கே, இது. மேல பருந்தோட நிழல் விழுந்துச்சுன்னா எங்கம்மா 'ஓடு'ன்னு ஒரு சத்தம் போடுவா. அவ வாயை மூடறதுக்குள்ள பிள்ளைங்க எல்லாரும் உள்ளே போயிருப்போம். அதுதான் எனக்குத் தெரிஞ்ச ஓடு. ஆமைக் கூட்டத்துல யாராவது யாரையாவது பார்த்து ஓடச் சொல்லுவாங்களா? சொன்னாத்தான் யார் ஓடுவா?"

துருவி சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டு புரண்டு சிரித்தாள்.

"சிரிச்சுக்கோ," என்றார் அடைக்கலம். "எனக்கும் சிரிப்புத்தான் வருது, நாளைக்கு விடியும்னு நினைக்காத வரைக்கும்."

குட்டிகளின் ஞாபகம் வந்து துருவியின் சிரிப்பு நின்றுபோனது.

"இதை நீங்க யார்கிட்டயும் சொல்லவே இல்லையா?"

"அன்னைக்கே சொன்னேன். இழுத்து வெளியே போட்டதும், 'ஐயா, நான் பயந்துபோய் ஓட்டுக்குள்ள ஒடுங்கிக் கிடந்தேன்'னேன். 'பாத்தீங்களா, என்ன ஒரு அடக்கம்'னு இன்னும் கொஞ்சம் உசரமாத் தூக்கினாங்க. அப்புறம் பழகிப்போச்சு. பொய் சொல்லக் கூடாது, கொஞ்ச நாள் நல்லாவும் இருந்துச்சு." அவர் ஒரு வாடிய மாலையைக் காலால் தள்ளினார். "பிறகு ஒரு நாள் முயல் குட்டிங்க கரையில விளையாடிச்சுங்க. 'ஓடு'ன்னு ஒண்ணு கத்துச்சு. இன்னொண்ணு ஓடிச்சு. அப்பத்தான் அந்தச் சொல்லுக்கு இப்படியும் ஓர் அர்த்தம் இருக்குன்னே எனக்குப் புரிஞ்சுது. இப்ப ரெண்டும் தெரியும். நாளைக்கு எவனாவது 'ஓடு'ன்னு கத்தினா எனக்கு ஓடத்தான் தோணும். எனக்கு ஓடவும் வராது."

வேறு யாராக இருந்தாலும் இங்கே தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். துருவிக்கு இப்போதுதான் கேள்விகள் வரிசை கட்டி வந்தன.

"சரிண்ணே, நீங்க உள்ளே ஒடுங்கிட்டீங்க. நாய்ங்க உங்களை உருட்டிவிட்டுட்டு வரவேண்டியதுதானே? ஏன் முடியலை?"

"முதுகு மேடெல்லாம் மேல் பாறை வரப்புல சிக்கிக்கிச்சு. தள்ளத் தள்ள இன்னும் இறுகிச்சு."

"கல்லை வச்சு அடைச்சாலும் அப்படி இறுகுமா?"

"இங்க இருக்கிறது பூராவும் உருண்டைக் கல்லும்மா. நான் சின்னவனா இருந்தப்ப ஒரு கோடையில அடைச்சுப் பாத்தாங்க. நாய்ங்க பந்து மாதிரி உருட்டிவிட்டுட்டு உள்ளே வந்துச்சுங்க. அந்தப் புற்றுல அப்ப இருந்தவங்க..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

நல்ல புற்று ஏன் காலியாக இருந்தது என்று துருவிக்கு அப்போது விளங்கியது. அவள் புற்றுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கேட்டாள்.

"தள்ள முடியலைன்னதும் என்ன பண்ணினாங்க?"

"ஒருத்தன் வெளியே, என் இடது பக்கத்துல, ஓட்டுக்கு அடியில தோண்ட ஆரம்பிச்சான். நான் லேசாச் சரிஞ்சேன். இன்னும் நாலு பிறாண்டு பிறாண்டியிருந்தா கவுந்திருப்பேன். அதுக்குள்ள வெயில் ஏறிப் பாறை கொதிச்சுது. பாதம் தாங்காமப் போயிட்டாங்க."

"அந்தக் குழியை அப்புறம் யார் மூடினது?"

அடைக்கலம் விழித்தார். "குழின்னு ஒண்ணு இருக்கிறதே யாருக்கும் தெரியாதேம்மா."

துருவி எடுத்தாள் ஓட்டம். இடுக்கில் மாவீரர் நின்ற இடம் என்று தினமும் பூவைக் குவித்து வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அவளும் ஒதுங்கித்தான் போவாள். இப்போது இரண்டு கையாலும் பூவை வாரி எறிந்தாள். மேலே புதுப்பூ, அதன் கீழே வாடியது, அதற்கும் கீழே அழுகியது. அடியில் குழி அப்படியே இருந்தது. நக அடையாளம்கூட அழியவில்லை. நாளைக்கு நாய்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினால் போதும்.

அவள் திரும்பி வந்து மூச்சு வாங்க நின்றாள்.

"அண்ணே, இதை நீங்கதான் சபையில சொல்லணும். நான் சொன்னா, வந்தவ பொறாமையில பேசறான்னுடுவாங்க."

"சொன்னா என்னைக் கல்லை விட்டு இறக்கிருவாங்க."

"ஆமா."

"சிரிப்பாங்க."

"சிரிப்பாங்கண்ணே. நானே சிரிச்சேன். ஆனா என் பிள்ளைங்க இடுக்கை ஒட்டிப் படுத்திருக்கு."

அடைக்கலம் மேலே கிடந்த மாலைகளை உதறித் தள்ளினார்.

"சரி. என்னைக் கொஞ்சம் திருப்பி வை. அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்றேன்," என்றார்.

சாயங்காலம் காடு கூடியது. "மாவீரரின் குணநலன்களைத் துருவி இப்போது எடுத்துரைப்பாள்," என்று உக்கிரன் அறிவித்தார். துருவி எழுந்து, "அவரே சொல்வார்," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அடைக்கலம் சொன்னார். கள்ளிப்பழத்தில் ஆரம்பித்து, ஓடு என்ற சொல்லைச் சொல்லி, உள்ளே ஒடுங்கி அழுததுவரை சொன்னார். முதலில் ஒரு குரங்கு சிரித்தது. பிறகு காடே சிரித்தது. கொஞ்ச நேரத்தில், எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று ஒவ்வொருவருக்கும் புரியப் புரிய, சிரிப்பு தானாகத் தேய்ந்தது. அப்படியானால் நாளைக்கு யார் காப்பாற்றுவது?

"இத்தனை நாள் எங்களை ஏமாத்தியிருக்கே நீ," என்று உறுமினார் உக்கிரன். "உனக்கு மாலை வேற."

"தண்ணிக்குப் போயிரலாம், இப்பவே போயிரலாம்," என்று தாவன் நகர ஆரம்பித்தான். அவன் பின்னால் பாதிக் கூட்டம் நகர்ந்தது.

துருவி குறுக்கே போய் நின்றாள்.

"போங்க. போன தடவை நாய் உள்ளே வரலை, அதனால தண்ணி உங்களைக் காப்பாத்துச்சு. இந்தத் தடவை உள்ளே வந்துரும். வந்து கரையில உக்காந்துக்கும். எத்தனை நாள் தண்ணியில நிப்பீங்க? உங்க பிள்ளைங்க எத்தனை நாள் நிக்கும்?"

அவள் குழியைப் பற்றிச் சொன்னாள். பூவுக்கு அடியில் என்ன இருந்தது என்று சொன்னாள். பூப்போட்டவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"அந்தக் குழியை ஏரிக் களிமண்ணும் கல்லும் போட்டு இறுக்கி அடைச்சா," என்று அடைக்கலம் மெதுவாகச் சொன்னார், "நான் மறுபடியும் போய் இடுக்குல இருக்கேன்."

"உனக்குத்தான் பயமாச்சே," என்றது குரங்கு.

"பயம்தான். பயந்தா நான் எங்க போவேன்? ஓட்டுக்குள்ள. அங்கதானே இருக்கணும்? சரிதான், அதை இடுக்குல வச்சுப் பயந்துக்கறேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

உக்கிரன் ஏரிக்குப் போய் மூக்கால் களிமண்ணைக் கிளறினார். அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். மான்கள் சுமந்தன. குரங்குகள் கல்லை எடுத்துக் கொடுத்தன. ஒய்யாரன்கூடக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினான், தோகையில் சேறு படாமல். குழி நிரம்பியது. அடைக்கலத்தைக் கொண்டுபோய் இடுக்கில் வைத்து, முதுகு மேடெல்லாம் பாறையில் பொருந்தும்வரை நெட்டித் தள்ளினார்கள். பிறகு எல்லாரும் மறுகரைக்குப் போனார்கள். பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே.

துருவி போகவில்லை. குட்டிகளைப் புற்றின் ஆழத்தில் ஒளித்துவிட்டு, ஆமையின் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

விடிந்தது. நாய்கள் வந்தன. அவற்றின் தலைவன் கறுவாயன், வாயோரம் கறுத்த கிழட்டு நாய். போன கோடையில் தோண்டியவனும் அவன்தான்.

"அதே கல்லுதான்," என்று அவன் சொல்வது உள்ளே கேட்டது. "விட்ட இடத்துல தோண்டுங்கடா. நாலு பிறாண்டுல கவுந்துரும்."

பிறாண்டினார்கள். களிமண் இரவோடு இரவாக இறுகியிருந்தது. நகம் வழுக்கியது. ஒரு நாய்க்கு நகமே பிய்ந்தது. அது ஊளையிட்டுக்கொண்டு விலகியது.

கறுவாயன் சாமான்யப்பட்டவன் இல்லை. மோந்து பார்த்தான். "வலது பக்கம் பழைய மண்ணு. அதைத் தோண்டு," என்றான்.

வலது பக்கம் மண் சரிவதைத் துருவி உள்ளிருந்து பார்த்தாள். ஓடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் பாய்ந்து போய் உள்பக்கத்து மண்ணை வாரி ஓட்டுக்கு அடியில் திணித்தாள். வெளியே அவர்கள் தோண்டினார்கள், உள்ளே அவள் அடைத்தாள். ஒரு பாதம் மண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து அவள் கன்னத்தைக் கிழித்தது. அவள் அதை ஒரு கடி கடித்துவிட்டு மறுபடியும் மண்ணை வாரினாள். கை ஓய்ந்தது. ஓடு இன்னும் சாய்ந்தது.

"அம்மா துருவி, நீ பிள்ளைங்களைத் தூக்கிட்டுப் போயிரு," என்றது ஓட்டுக்குள்ளிருந்து ஒரு நடுங்கும் குரல்.

"எங்க போக? நீங்க காலை அழுத்திக்கிட்டு இருங்க."

அப்போது அவளுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. உக்கிரன் நின்றிருந்தார். மறுகரையிலிருந்து நீந்தி வந்த ஈரம் காயவில்லை. திரும்பி நின்று தன் கனத்த பின்புறத்தை ஆமை ஓட்டுக்கு முட்டுக் கொடுத்தார். சாய்ந்த ஓடு நிமிர்ந்து பாறை வரப்பில் போய்ச் சிக்கியது. வெளியே அவர்கள் முட்டினார்கள், கடித்தார்கள், குரைத்தார்கள். ஓடு அசையவில்லை.

வெயில் ஏறியது. பாறை கொதித்தது. நாய்கள் பாதத்தை மாற்றி மாற்றி வைத்தன, நக்கிக்கொண்டன. "வேற தண்ணி பாப்போம் வாங்கடா," என்று கறுவாயன் சொன்னான். அவர்கள் போகும் சத்தம் தேய்ந்து அடங்கியது.

அடைக்கலத்தை இழுத்து வெளியே எடுத்தார்கள். தலையை நீட்ட அவருக்கு நேரமாயிற்று. மறுகரைக் கூட்டம் ஓடி வந்தது. தாவன் முன்னால் வந்து, "என்ன ஒரு பாய்ச்சல்..." என்று ஆரம்பித்தான். உக்கிரன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். தாவன் வாயை மூடிக்கொண்டு கீரை பறிக்கப் போனான்.

துருவியின் மூத்த குட்டி புற்றிலிருந்து தத்தித் தத்தி வந்தது. அம்மாவின் கேள்வி குணம் அதற்கும் இருந்தது. ஆமையின் முகத்துக்கு நேராகப் போய் நின்றது.

"மாமா, நீங்க பயந்தீங்களா?"

"ரொம்பப் பயந்தேன்."

"அப்ப ஏன் வெளியே வரலை?"

அடைக்கலம் துருவியைப் பார்த்தார். அவள் கன்னத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. கையில் மண் அப்பியிருந்தது.

"பின்னாடி உங்கம்மா மண்ணு அடைச்சுக்கிட்டிருந்தா. அவளும் பயந்துக்கிட்டேதான் அடைச்சா. அவ கை நடுங்குறது ஓட்டுல பட்டு எனக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதை விட்டுட்டு நான் எப்படி வர்றது?" என்றார்.

பயமே அறியாதவர் என்று ஒருவரைப் புகழ்ந்து பூப்போடுவதைவிட, நடந்தது என்ன என்று கேட்பதும், கேட்டதற்கு உள்ளதைச் சொல்வதும், பயத்தோடேயே ஒருவருக்கொருவர் முட்டுக் கொடுத்து நிற்பதுமே ஆபத்தில் நம்மைக் காக்கும்.